பழுதில்லாத வீட்டின் துயரம்

வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்தே காலம் தள்ளிய அந்த மனிதரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் அழைத்தார்கள். ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் மாலை போட்டு, கைகுலுக்கி, அழுது அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார். ஆனால் அந்த முகத்தில் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அணைந்து போயிருந்தது.

அவர் மனைவி துடித்துப் போனாள். டாக்டரிடம் அழைத்துப் போனாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாக இருந்தால் போதும் என்றார் டாக்டர், ஏதோ அது மருந்துக்கடையில் கிடைப்பது போல. பூங்காவில் கூடிச் சிரிக்கும் சங்கம் ஒன்றில் சேர்த்துவிட்டாள். மற்றவர்களோடு கையை உயர்த்தி உரக்கச் சிரித்துவிட்டு, வீடு திரும்பிச் சுவர் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார். மீன்தொட்டி வாங்கி வைத்தாள். சில நாட்களில் மீன்களும் அவரைப் போலவே ஒரு மூலையில் போய் அசையாமல் நிற்கத் தொடங்கின.

அப்போதுதான் இஸ்திரிப் பெட்டி செத்தது.

அவர் அதை மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே கருகியிருந்த ஒயரைப் பார்த்ததும், பிரிந்த பிள்ளையைக் கண்டதுபோல் கண்கள் விரிந்தன. மாலைக்குள் பெட்டி சூடாகிவிட்டது. இரவு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவியின் நெஞ்சு விம்மியது. ஊரெல்லாம் தேடிய மகிழ்ச்சி, இஸ்திரிப் பெட்டிக்குள் அல்லவா ஒளிந்திருந்தது!

மறுநாள் அவர் குளிக்கப் போனதும், வெண்ணெய் தடவும் கத்தியால் மிக்ஸியின் அடிப்பாகத்தைக் கழற்றினாள். முதல் திருகுக்குக் கண்ணீர் விட்டாள். கடைசித் திருகுக்கு வந்தபோது அதில் அவளுக்குக் கொஞ்சம் ருசியே தட்டிவிட்டது. மிக்ஸிக்குப் பின் மின்விசிறி, அதற்குப் பின் அழைப்புமணி. அவர் தளிர்த்தார். ஆனால் பாவி மனுஷன் ஒவ்வொன்றையும் இனி ஜென்மத்துக்கும் கெடாதபடி முறுக்கி வைத்துவிட்டார். கத்திதான் வளைந்தது. பழுதில்லாத வீட்டில் அவர் மறுபடி நாற்காலிக்குப் போனார்.

அவள் அக்கம்பக்கத்து வீடுகளில் கைவைத்தாள். பேசிக்கொண்டே இருப்பாள்; எழுந்து வரும்போது அந்த வீட்டில் ஏதாவது ஒன்று மூச்சை நிறுத்தியிருக்கும். அவரே போய்ச் சரிசெய்வார். மேல்வீட்டு டீச்சர் ஒருநாள் வாசலிலேயே அவளை மறித்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனாலே எங்க வீட்டு டிவிக்கு ஜன்னி கண்டுடுது. இங்கேயே நின்னு பேசுவோமே."

எல்லாக் கதவுகளும் மூடின. இனி மிச்சம் இருந்தது அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மட்டுமே.

ஆளில்லாத மத்தியானத்தில் உள்ளே ஏறினாள். பொத்தான் பலகையைத் திறந்து, கைக்கு வந்த ஒயர்களைப் பிடுங்கி, மனம் போனபடி சொருகினாள். லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. கதவு ஒரு சாண் திறந்து மாட்டிக்கொண்டது.

கூட்டம் சேர்ந்தது. கருவிப் பெட்டியோடு ஓடிவந்த லிஃப்ட்காரர் தரையில் படுத்து இடைவெளி வழியாகப் பார்த்தார். கீழே மனைவி, கையில் வளைந்த கத்தி.

அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன் வீட்டு ஃபிரிட்ஜ் முதல் டீச்சரின் டிவி வரை உரக்கச் சொல்லித் தீர்த்தார். அவள் மறுக்கவில்லை. அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள்.

லிஃப்ட்காரரின் முகம் வெளுத்தது. "அப்போ அத்தனையும் எனக்கு நீ போட்ட பிச்சையா? குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுக்கிற மாதிரி?"

கருவிப் பெட்டியை மூடினார். கம்பெனிக்கு போன் பண்ணி வேறு ஆளை வரச்சொல்லும்படி செயலாளரிடம் சொன்னார். இனி இவர் எதையும் தொடமாட்டார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. உள்ளே இருந்தவளுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. பயத்தில் அபாய மணிப் பொத்தானை அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை. லிஃப்டின் மின்விசிறி சுழன்றது. மூன்றாம் மாடியில் கதவு தானாகத் திறந்து மூடியது. மறுபடி அழுத்தினாள். விளக்கு அணைந்து, கீழ்த்தளத்தில் மணி அடித்தது.

லிஃப்ட்காரர் திரும்பினார். "இன்னொரு வாட்டி அழுத்து."

அழுத்தினாள். இப்போது மூன்றாம் மாடிக் கதவும் மணியும் சேர்ந்துகொண்டன.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல," என்றார் மெதுவாக. கருவிப் பெட்டி எப்போது திறந்தது என்று அவருக்கே தெரியாது. மறுபடி தரையில் படுத்தார். "என்ன பண்ணினே? சொல்லு, அஞ்சு நிமிஷத்துல இறக்கிடறேன்."

எந்த ஒயரை எங்கே சொருகினோம் என்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லிஃப்டின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லமாட்டேன். முடிஞ்சா கண்டுபிடிங்க."

"அடிப்பாவி," என்றார் அவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

கம்பெனிக்கு போன் பண்ணட்டுமா என்று செயலாளர் கேட்டார். போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, தன் மனைவிக்கு ஒரு தலையணை எடுத்துவரும்படி அவரையே அனுப்பினார் லிஃப்ட்காரர்.