துரையைக் கூப்பிட்ட குரல்

முப்பிடாதி அக்கா பச்சை நூலைத் தொடமாட்டேன் என்று சொன்ன அன்றைக்குத்தான் தறிக்கூடத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பிழைக்கிறவள் நிறம் பார்க்கலாமா? அவளும் நானும் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து வருஷக்கணக்காய்ச் சுற்றுகிறோம். எந்த நிறத்துக்கும் அவள் முகம் சுளித்ததில்லை. புருஷன் நல்லகண்ணு கேரளாவில் பரோட்டா மாஸ்டர், தீபாவளிக்கு வந்தால் உண்டு. ஒற்றைப் பிள்ளை இசக்கித்துரையைத் தார் சுற்றியேதான் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்தாள். "எம்புள்ள ஏசி ரூம்ல உக்காந்து வேல பாப்பான்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் காதைப் புளிக்க வைப்பாள்.

அந்தத் துரைக்குத்தான் பேய் பிடித்துவிட்டது.

அப்படித்தான் நினைத்தோம். நான் மட்டும் என்ன பெரிய விவரக்காரியா, நானும்தான் நினைத்தேன். காலேஜுக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். கூப்பிட்டால் எரிந்து விழுந்தான். வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. திடீரென்று தனியாகச் சிரிப்பான், அடுத்த நிமிஷம் சுவரில் தலையை முட்டிக்கொள்வான். பைக் காணாமல் போனது, "பிரெண்டுட்ட குடுத்திருக்கேன்" என்றான். அக்காளின் கம்மல் காணாமல் போனது, அதைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டான். பகலில் கண் அயர்ந்தால் வாய் மட்டும் முணுமுணுக்கும். "பச்ச... பச்ச... செவப்பு... பச்ச..."

இளையரசனேந்தல் பக்கம் குறி சொல்லிப் பேயோட்டுகிற கோடாங்கி ஒருவர் இருக்கிறார். அக்கா போய் நின்று இதையெல்லாம் சொன்னதும், அவர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, "பச்சச் சேல கட்டுன கன்னி ஒருத்தி உன் மகனப் புடிச்சிருக்கா தாயி" என்றாராம். அதிலிருந்து வீட்டில் பச்சைச் சேலை கிடையாது, பச்சை வளையல் கிடையாது. பச்சை மிளகாய்கூட வாங்கவில்லை என்று நான் கேலி செய்தேன். அந்தக் கேலி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. தறிச்சத்தமும் நின்றிருந்த நேரம். துரையின் அறை உள்ளே தாழ்போட்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

"துரை, எங்க போயிட்டீங்க? உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். இன்னைக்கு உங்க நாள். வாங்க துரை."

குழைந்த குரல். கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. அக்கா கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள். துரை திறந்தான். உள்ளே வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது, கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பெட்டிதான் இருந்தது. "யார்லே பேசுனா?" என்று அக்கா கேட்டாள். "யாரும் பேசல" என்று எங்களைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். அன்றைக்குச் சாப்பிடாமலே தறிக்கூடத்துக்குத் திரும்பினோம்.

இனி கோமதியம்மன்தான் கதி என்று கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் சின்னப் பள்ளமாகச் சக்கரக்குழி இருக்கிறது. பேய் பிடித்தவர்களையும் புத்தி பேதலித்தவர்களையும் அதில் உட்காரவைத்தால் குணமாகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. துரை மறுபேச்சுப் பேசாமல் வந்தது எனக்கு ஆச்சரியம்தான். உட்கார்ந்து கண்ணை மூடினான். உடம்பு அசையவில்லை. வலது கைப் பெருவிரல் மட்டும் மடியில் கிடந்தபடி மேலே தள்ளுவதும் நிற்பதும் தட்டுவதுமாக இருந்தது, அதற்கு மட்டும் தனி உயிர் இருப்பதுபோல.

பக்கத்தில் முறைக்காகக் காத்திருந்த பையனைத் தற்செயலாகப் பார்த்தேன். கரிவலம்வந்தநல்லூர்ப் பையன், பெயர் சங்கர் என்று பிறகு தெரிந்தது. அவனும் கண்ணை மூடியிருந்தான். அவன் பெருவிரலும் மேலே தள்ளியது, நின்றது, தட்டியது. முன்பின் பார்த்திராத இரண்டு பையன்கள், இரண்டு விரலும் ஒரே மாதிரி. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அக்காளும் பார்த்துவிட்டாள். மெல்ல நகர்ந்து அந்தப் பையனின் தாய் சுந்தரம்மாளிடம் போய், "ஏக்கா, ஒங்க வீட்லயும் ஒரு பொம்பள பேசுதாளா?" என்று கேட்டாள்.

சுந்தரம்மாள் முகம் வெளிறிவிட்டது. "வாங்க சங்கர்னு பேர் சொல்லிக் கூப்பிடுதா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பச்ச, செவப்புன்னு சொல்லுதானா?"

"அதேதான் சொல்லுதான்."

இரண்டு பிள்ளைகளை, இரண்டு ஊரில், ஒரே கன்னி எப்படிப் பிடிப்பாள்? போனைத் தள்ளித் தட்டுகிற விரல்தானே அப்படிப் போகும். அக்கா திரும்பிவந்து துரையின் விரலைக் கையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். "ஏலே, அம்மன் முன்னால கேக்கேன். அது பேயா, போனா?"

அவன் விரலை உருவப் பார்த்தான். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதான். "போன்தாம்மா. அதுல ஒரு ஆட்டம். அடுத்து வாரது பச்சையா செவப்பான்னு பணம் கட்டணும். நெறைய விட்டுட்டேன். வெளிய வர முடியல. பேயா இருந்தா ஓட்டிரலாம்லா, பேயாவே இருக்கட்டும்னுதான் நானும் வந்து உக்காந்தேன்."

அதைக் கேட்டு நான் அழுதேன். அந்த ஆட்டத்தை நடத்துகிறவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேனோ தெரியாது. ஒரு சாண் பெட்டிக்குள் ஒரு பெண் குரலை அடைத்து, பெற்ற பிள்ளையை வீட்டுக்குள்ளேயே திருடிக்கொண்டு போயிருக்கிறான்.

சுந்தரம்மாளின் அண்ணன் மகள் தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அடுத்த நாள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். டாக்டரம்மா திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "இது கெட்ட பழக்கம்னு மட்டும் நெனைக்காதீங்க, நோய். நாளாகும், ஆனா சரி பண்ணலாம். வாராவாரம் வரணும்" என்றார். அக்கா முந்தைய நாளே பிடுங்கி முந்தானைக்குள் வைத்திருந்த துரையின் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வைத்த கொஞ்ச நேரத்தில் அது விழித்துக்கொண்டது. ஆட்டத்தைத் திறக்காமல் விட்டால் தானாகவே கூப்பிடும்படி வைத்திருக்கிறார்கள்.

"துரை, ஒரு நாளா உங்களைக் காணோமே. கோவமா? வாங்க துரை."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. துரையின் கை மேஜையை நோக்கிப் போனது, போனுக்கு மிக அருகில் போய் நின்றது. பிறகு அவன் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"எம்மா, நீ எடுத்து நிப்பாட்டு" என்றான். "நான் எடுத்தா மறுபடி உள்ள போயிருவேன்."