கோழிக்கூண்டுக்குக் கைப்பிடிச் சுவர்

திருவொற்றியூரில் என் மளிகைக்கடைக்குப் பின்னால் கோழிக்கூண்டு கட்ட ஒரு மேஸ்திரி வந்தார். தாடியெல்லாம் சிமென்ட், காதில் பென்சில். எதைக் கட்டி முடித்தாலும் அதன் மேலே ஏறி, விளிம்பு வரை நடந்து, கீழே எட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். என் கூண்டு இடுப்பு உயரம்தான். அதன் மேலும் ஏறி எட்டிப் பார்த்தார். இறங்கியதும் கூரையைச் சுற்றி நான்கு விரல் உயரத்தில் கைப்பிடிச் சுவர் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

“இது எதுக்கு மேஸ்திரி?”

“புது வூடு கட்னா மேல சுவரு வெக்கணும்னு பைபிள்ல மோசே எழுதிக்கீறாரு அண்ணாச்சி. எவனாவது வுழுந்தா ரத்தப்பழி வூட்டுக்காரன் மேல.”

நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். விடுவேனா?

“அதெல்லாம் உவமை. மனசுக்கு வேலி போடுன்னு அர்த்தம்.”

“மன்சுக்கு நீ போட்டுக்கோ. கோழிக்கு நான் போட்றேன்.”

“மோசேயோட சட்டத்தை, அந்த நியாயப்பிரமாணத்தைத்தான் இயேசு நிறைவேத்திட்டாரே!”

சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நெறவேத்திட்டாரு, கரீட்டு. அதுக்கோசரம் வுழறவன் வுழாம கீறானா?”

நான் கடைக்குத் திரும்பினேன். சுவர் எழும்பிவிட்டது.

அன்றிலிருந்து என் கோழிகள் கூண்டுக்குள் போவதே இல்லை. பொழுது சாய்ந்தால் அந்தச் சுவர்மேல் ஏறி, வரிசையாக உட்கார்ந்து தூங்குகின்றன. மேஸ்திரியைத் தெருவில் பார்த்தால் வணக்கம் வைப்பதோடு சரி. விஷயத்தைச் சொன்னால், சுவருக்கு ஒரு சுவர் வைக்க வந்துவிடுவார்.