டிவிதான் லேட்டு

பழைய பெட்டி டிவியைப் போட்டதும் கண்ணாடித் திரையில் 'படபட'வென்று ஒரு பொரிகிற சத்தம் கேட்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் கன்னத்து முடி சிலிர்த்து எழும். கொடைக்கானல் ஈரத்துக்கு அதன் முதுகுச் சூடு எங்கள் வீட்டுக்குப் பெரிய உதவி. காயாத காலுறைகளை அம்மா அதன் மேல்தான் போடுவாள். எனக்கோ அது 'டிவி கேம்' ஆடும் பெட்டி. கேம் பெட்டியை அதோடு இணைத்துக் கேசட்டைச் சொருகிவிட்டால், குழி தாண்டி ஓடும் ஆட்டத்தில் என்னை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. இதைப் பணிவில்லாமல்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், நல்ல சீசன் ஒன்று முடிந்ததும், டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் ஏற்பாட்டில் ஒரு தட்டை டிவியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். பழசை எடுத்துப்போகக் கடைக்காரரின் ஜீப் சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. அதுவரை அது முன்னறையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. விடுமுறைக்குப் பழனியிலிருந்து வந்திருந்த அத்தை மகன் செல்வம், புதுத் திரையில் என்னைப் போட்டிக்கு இழுத்தான். முதல் குழியிலேயே விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். என் விரல் பட்டனை அமுக்குகிறது, பொம்மை கொஞ்சம் யோசித்துவிட்டுக் குதிக்கிறது. அதற்குள் தரை முடிந்துவிடுகிறது.

"நான் சரியாத்தான் அமுக்குறேன். டிவிதான் லேட்டு" என்றேன்.

எங்கள் ஊரில் எந்தக் கோளாறுக்கும் முதல் குற்றவாளி குளிர்தான். "வெரலு வெறச்சுப் போச்சு, அடுப்புல காட்டிட்டு வெரசா வா" என்றாள் அம்மா. காட்டிவிட்டு வந்து விழுந்தேன். கையுறை மாட்டிவிட்டாள், அதோடும் விழுந்தேன். "அவளுக்கு ஆட்டம் மறந்துபோச்சு மாமா" என்று செல்வம் சிரித்தான். அவன் பழைய டிவியிலும் அதே குழியில் விழுகிறவன், அவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? ஆனால், "புது டிவி தப்பாக் காட்டுமா? தோத்தா ஒத்துக்கணும்த்தா" என்று அப்பா சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. தோற்றால் ஒத்துக்கொள்ளலாம். செய்யாத தப்பை எப்படி ஒத்துக்கொள்வது?

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, செல்வத்தை மிரட்டி ஒரு பக்கம் தூக்க வைத்து, பழைய பெட்டியைப் புது டிவிக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தேன். கேம் பெட்டியிலிருந்து டிவிக்குப் படம் போக இரண்டு வழி உண்டு. ஆன்டெனா ஒயரைப் பழசிலும் மஞ்சள், வெள்ளை ஒயர்களைப் புதுசிலும் சொருகினேன். ஒரே ஆட்டம் இரண்டு திரையிலும் வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பட்டனை அமுக்கினேன். கீழே பழசில் பொம்மை குதித்தது, அப்புறம்தான் மேலே புதுசில் குதித்தது. சத்தமும் அப்படியே, ஒன்றன்பின் ஒன்றாக.

அம்மா, தான் மாட்டிவிட்ட கையுறையை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தலையைச் சாய்த்து, "இன்னொருக்கா அமுக்கு" என்றார். அமுக்கினேன். "நீ சொன்னது சரிதாம்மா" என்றார்.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. "பேசியாச்சுல்ல, இனிப் பேச்சு மாற முடியாது" என்று அப்பாவே ஒயரைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கிக்கொடுத்தார். என்னை நம்பாமல் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்தத் தட்டைத் திரையில் இனி ஆட மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். செல்வம் கெஞ்சியும் அப்பா சமாதானம் பேசியும் ஆடவே இல்லை. சொந்தத்தில் 'பிடிவாதக்காரி' என்று பெயர் கிடைத்தது, சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது எங்கள் பக்கத்தில் பெட்டி டிவியைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை. அதைப் பழுது பார்த்தவர்களும் செல்போன் பக்கம் போய்விட்டார்கள். போன மாதம் டிவி வாங்கப் போனபோது கேம் பெட்டியையும் கையோடு கொண்டுபோய், கடையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த டிவிகளில் ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தேன். 'கேம் மோட்' போட்டால் சரியாகிவிடும் என்றார் கடை ஊழியர். போட்டும் தாமதம்தான்.

"கண்ணுக்கே தெரியாத நேரம் மேடம். இதுவரைக்கும் யாருமே இப்படிச் சொன்னதில்லைங்க" என்றார்.

"நான் சொல்றேன்ல" என்றேன். ஒயரைப் பிடுங்கி அடுத்த டிவியில் சொருகினேன்.