விற்ற வீட்டில் ஒரு கல்யாணம்

ஸ்டீல் டேப்பு சுருண்டு தன் கூட்டுக்குள் ஓடுகிற சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குச் சோறு தொண்டையில் நிற்கும். சர்ரென்று ஓர் இழுப்பு, டக்கென்று ஒரு முடிப்பு. கட்டில் கடையோ ஜன்னலுக்குத் திரை தைப்பவரோ, யார் இழுத்தாலும் சரி, அந்த வருடம் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். அப்போது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். தட்டுக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவே டேப்பு போகும். "சார், காலைக் கொஞ்சம் எடுத்துக்கிருங்க." எடுப்பேன். என் கால் இருந்த கல்லை ஒருவன் அளந்துகொண்டு போவான். விற்ற வீட்டில் வாடகைக்கு இருக்கிறவனின் கால், யாரோ கீழே வைத்து மறந்துவிட்ட சாமான் மாதிரி.

காரைக்குடியில் தெருவுக்குத் தெரு நிற்கிற செட்டியார் வீடுகளில் ஒன்று அது. முகப்பைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். ஆளுக்கு இத்தனை அறை என்று பங்காளிகளுக்குப் பிரிந்த வீடு. பங்காளிகள் ஊர் ஊராகப் போய்விட, பூட்டிய அறைகளுக்குள் அண்டாவும் குடமும்தான் குடியிருந்தன. மூச்சு விட்டுக்கொண்டு இருந்தது நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள். எங்களுக்கு மேற்குப் பக்கத்தில் இரண்டு அறைகள். அவை சென்னையில் இருந்த ஒரு பங்காளிக்குச் சொந்தம். எதிர்ப்பக்கம் பின்கட்டில் நாங்கள் சமைத்த அடுப்படி மலேசியாவில் இருந்த இன்னொரு பங்காளிக்குச் சொந்தம். தூக்கம் ஒருத்தர் பங்கில், பசி இன்னொருத்தர் பங்கில். நடுவில் வளவு எல்லாருக்கும் பொது. அப்படித்தான் நினைத்திருந்தோம்.

பொங்கல் முடிந்த கையோடு சென்னையிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார்.

"வாத்தியாரே, என் பங்கை வித்துப்புட்டேன். கோயமுத்தூர்க்காரரு. ஓட்டல் வைக்கப் போறாராம். நீங்க வேற இடம் பாத்துக்கிருங்க."

"மே கடைசி வரைக்கும் அக்ரிமெண்டு இருக்கே அண்ணே. மார்ச்சுல பிள்ளைக்குப் பரீட்சை."

"அது என்கூடப் போட்டதுல்ல? நான்தான் வித்துப்புட்டேனே."

உள்ளறையில் மகள் சுவர் முழுக்கச் சூத்திரங்களை எழுதி ஒட்டியிருந்தாள். தூக்கத்தில்கூட அவற்றின் இடம் அவளுக்குத் தெரியும். அந்தச் சுவரை விட்டுவிட்டு எங்கே போவது? கூடப் படித்த வக்கீல் ஒருவர் திருப்பத்தூரில் இருந்தார். பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"வீடு கைமாறும். நீங்க கைமாற மாட்டீக. ரெஜிஸ்டர் பண்ணின அக்ரிமெண்டுதானே? வாங்கினவருதான் இனிமே உங்க வீட்டுக்காரரு. வாடகைய அவருக்குக் குடுங்க. மே வரைக்கும் அவரே நெனச்சாலும் எழுப்ப முடியாது. தண்ணிய நிறுத்தக் கூடாது, கரண்டை நிறுத்தக் கூடாது. தைரியமாப் போங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. எழுப்ப முடியாத ஆளாக ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

கோயமுத்தூர்க்காரர் மரியாதையானவர். செருப்பை முகப்பிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"சட்டம்னா சட்டந்தானுங்க. ரெண்டு ரூமும் மே வரைக்கும் உங்களுது. நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன். ஆனா இந்த வளவு? அக்ரிமெண்ட்ல வளவுன்னு இருக்குங்களா?"

இல்லை. யார் எழுதுவார்கள்? வெயிலையும் மழையையும் சேர்த்து எழுதுகிற மாதிரி அல்லவா அது. அவருடைய ஆள் டேப்பு பிடித்து, வளவின் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்தான். மேற்கே கோயமுத்தூர்க்காரர் பங்கு, நாங்கள் கால் வைக்கக் கூடாது. கிழக்கே மற்றவர்கள் பங்கு. எங்கள் வாசல் மேற்கில், சோறு கிழக்கில்.

"பறந்து போயிரலாம்பா," என்றாள் மகள். "வானம் யாரு பங்குன்னு கேளுங்க."

மறுநாள் காலையில் என் மனைவி வாசல் தெளித்த கையோடு வளவையும் கழுவிவிட்டாள். கோடு கரைந்து, வெள்ளை வெள்ளையாகப் பின்கட்டுச் சாக்கடையில் போனது. வக்கீலும் போனில், "வழி இல்லாம ரூமு ஏதுய்யா? நடந்து போங்க," என்று சிரித்தார். அடுத்த வாரம் கோயமுத்தூர்க்காரர் எங்கள் கதவைக் கழற்ற வந்தார். பர்மாத் தேக்கு, பழைய சாமான் வியாபாரி வெளியே வண்டியோடு நிற்கிறான்.

"ரூம்னுதானுங்க எழுதியிருக்கு. கதவுன்னு இல்லீங்களே."

"சுவருன்னும் இல்லையே," என்றாள் என் மனைவி. "அதையும் கழட்டிட்டுப் போங்க. நடுவுல இருக்கிற காத்துதான் எங்க ரூமு. அதுக்குள்ள உக்காந்து பிள்ளை படிக்கும்."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தபோது, மாசி பிறந்ததும் பழைய வீட்டுக்காரர் வந்து இறங்கினார். கையில் தாம்பாளம், முகத்தில் கல்யாணக் களை. மகளுக்கு முகூர்த்தம் வைத்தாயிற்றாம். வந்தவர் தூண்களைத் தட்டிப் பார்த்து, எங்குட்டு வாழை கட்டுவது, எங்குட்டுப் பந்தி போடுவது என்று ஆளுக்கு வேலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கோயமுத்தூர்க்காரர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, நீங்கதான் வித்துட்டீங்களே!"

"வீட்டைத்தான்யா வித்தேன். நல்லது கெட்டதை யாரு வித்தா?"

"அப்படியொரு ஐட்டம் பத்திரத்துல இல்லீங்க."

பழைய வீட்டுக்காரர் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். ஏமாற்றுகிறவன் முகம் இல்லை அது. மனசார அப்படித்தான் நம்பியிருக்கிறார். மரத்தையும் கல்லையும் விற்கலாம். பெண்ணுக்கு இந்த வளவில் திருப்பூட்டுவதை, அதாவது தாலி கட்டுவதை, எப்படி விற்க முடியும்? அவருடைய அத்தைக்கு இங்கேதான், அக்காவுக்கு இங்கேதான். பத்திரிகை அடித்து, இந்த வீட்டு விலாசமும் போட்டாயிற்று.

கோயமுத்தூர்க்காரர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "வாத்தியார இந்த வாரமே காலி பண்ண வைங்க. வளவு ஒரு நாளைக்கு உங்களுது."

எங்களைக் காலி செய்யச் சொல்ல வந்தவர், உள்ளே வரலாமா என்று வாசலிலேயே நின்றார். "வாத்தியாரே, என் மக கல்யாணம் உங்க கையிலதான் இருக்கு." உள்ளறையில் வாய்விட்டு ஓடிக்கொண்டிருந்த வேதியியல் சட்டென்று நின்றது. அவருக்கும் மகள், எனக்கும் மகள். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இந்த ரெண்டு ரூமும் மே வரைக்கும் யாருது?"

"உங்களுதுதான் தங்கச்சி."

"எங்க ரூமுக்கு நாங்க விருந்தாளியக் கூப்பிடலாம்ல?"

"கூப்பிடுங்களேன்."

"வர்ற விருந்தாளி வளவு வழியாத்தானே வரணும்? வர்ற வழியில ஒரு தாலியக் கட்டிட்டு வரட்டும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"ஆனா மைக்கு செட்டு கிடையாது," என்றாள். "பிள்ளை படிக்குது."

வக்கீலிடம் கேட்டேன். "இதுக்குச் சட்டத்துல இடமும் இல்ல, தடையும் இல்ல. நடத்துங்க. எனக்கும் ஒரு பத்திரிகை அனுப்புங்க," என்றார்.

சுபகாரியம் கூடாத தவக்காலத்தில் கல்யாணம் வைத்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களைத் தவிர இன்னொன்று இருக்குமா தெரியவில்லை. கோயமுத்தூர்க்காரர் வாசலில் ஒரு காவலாளியைப் போட்டிருந்தார். வருகிறவர்களை எல்லாம் அவன் நிறுத்தி, யார் வீட்டுக்கு என்று கேட்டான். "வாத்தியார் வீட்டு விருந்தாளி" என்று சொன்னால்தான் உள்ளே. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், வைரக் கடுக்கன் மின்ன, பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் வெளியறையில் மாதா படத்தைப் பார்த்த ஓர் ஆச்சி, "இது எந்த ஊரு அம்மன்?" என்று கேட்டார். "வேளாங்கண்ணி, ஆச்சி." "நல்லா இருக்கட்டும்," என்று தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளிச் சாத்திவிட்டுப் போனார்.

கல்யாணமே கிசுகிசுப்பில் நடந்தது. சம்பந்திகள் காதோடு காதாகச் சண்டை போட்டார்கள். பரிமாறுகிறவர் வாளியைத் தரையில் வைக்கும்போதெல்லாம் யாராவது "உஸ்" என்றார்கள். திருப்பூட்டும்போது மட்டும் மேளம் ஒருமுறை வெடித்து, திறந்த வானத்தில் இருந்த புறாக்களை எல்லாம் கலைத்துவிட்டு, அடங்கியது. அப்போது மகளும் புத்தகத்தோடு கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

கோயமுத்தூர்க்காரர் வந்தபோது முகப்பில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றது நான்தான்.

"வாங்க, வாங்க."

"என்ற வீட்டுக்கு என்னையே வாங்கன்னு சொல்றீங்களே," என்றார். ஆனாலும் சந்தனத்துக்குக் கையை நீட்டிவிட்டார். பந்தியில் கந்தரப்பத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "ஓட்டல் வந்த பொறகு இந்த மாதிரிக் கல்யாணம் மாசத்துக்கு ஒண்ணு வச்சா நல்லா ஓடுமுங்க," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மகள், பையை வீசிவிட்டு வளவின் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். கோடு எந்த இடத்தில் போனது என்று அவளுக்கே மறந்துவிட்டது. மே கடைசியில், எழுதிக் கொடுத்தபடி, மானகிரிப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்துக் கிளம்பினோம். எங்களை வழியனுப்பச் சென்னையிலிருந்து பழைய வீட்டுக்காரர் வந்திருந்தார். அந்த வீட்டில் அவருக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. ஆனாலும் முகப்பில் நின்று, கிரைண்டரை இங்குட்டு வை, பீரோவை அங்குட்டுச் சாய் என்று டெம்போக்காரரை வேலை வாங்கினார். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் என் மனைவியிடம் ஏதோ கேட்கத் தயங்கினார். வண்டி உறுமியது. அவள் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இளையவளுக்கும் வரன் வந்துக்கிட்டிருக்கு தங்கச்சி. போற வீட்டுக்கும் விருந்தாளியக் கூப்பிடலாம்ல? எத்தனை மாசத்துக்கு அக்ரிமெண்டு போட்டிருக்கீக?"