முப்பத்தேழு படங்களில் ஒருவர்

எக்ஸ்ரே அக்கா படம் எடுக்காத நாளே கிடையாது. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் ஆறாம் நம்பர் அறைக்குள் நுழைந்தால் மாலை நான்கு வரை எலும்பும் நுரையீரலுமாக எடுத்துத் தள்ளுவாள். "தாடையைத் தூக்குங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க." ஒரு நாளைக்கு நாற்பது பேர், ஐம்பது பேர். பெரிய டாக்டர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு பெயர் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

இத்தனை எடுத்தும் அவளுக்குக் கை அடங்காது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் போனைக் கையில் எடுத்துவிடுவாள். மகளுக்குப் பல் முளைத்தால் படம், விழுந்தால் படம். ஜன்னலோரத்துப் பூந்தொட்டியைப் பன்னிரண்டு கோணத்தில் எடுத்திருக்கிறாள். செடி பட்டுப்போன பிறகு வெறும் தொட்டியையும் எடுத்தாள். பதினேழு வருஷத்தில் ஐம்பத்தெட்டாயிரம் படம். ஆனால் எடுப்பதோடு சரி. எடுத்ததை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாளா என்றால் அதுதான் இல்லை. "ரிட்டயர் ஆனப்புறம் பாக்கறதுக்கும் ஏதாவது வேணுமில்ல?" என்று நியாயம் வேறு பேசுவாள்.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊருக்கே மாஸ்டர். கற்றுக்கொள்ளும் ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி "லெஃப்ட், லெஃப்ட், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவர் பிழைப்பு. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவள் போனைத் தூக்கினால் போதும், பின்னால் வந்து நின்றுகொள்வார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பு. ரெண்டடி பின்னாடி போ. ம், இப்ப எடு."

"எனக்கு எடுக்கத் தெரியாதா? இது என்ன உங்க காரா?" என்று அவள் எரிந்து விழுவாள். அவர் விடமாட்டார். அந்த வாயை மூடுவதற்காகவே அவர் சொன்ன இடத்தில் நின்று எடுத்துத் தொலைப்பாள். மகள் பிறந்த நாளிலிருந்து அவர்களுக்குள் நடந்த சண்டையில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான்.

படங்களெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், மூன்று பழைய போன்களிலும், ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி நிறைய மெமரி கார்டுகளிலும் சிதறிக் கிடந்தன. போன மாதம் அந்த டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அக்கா, இது இன்னும் ஒரு மாசம் தாங்கினா பெரிசு. எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திடுங்க. வீடே எரிஞ்சாலும் படம் இருக்கும்" என்றார். வீடு எரிவதைப் பற்றி அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் ஏறியது. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவதாக எல்லோரையும் மிரட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தால் மாஸ்டரின் உடம்பைக் கேட்கமாட்டாள், "எத்தனை ஏறியிருக்கு?" என்பாள். "முப்பத்தோராயிரத்து நானூறு. உன் புருஷனும் உயிரோடதான் இருக்கான்" என்பார் அவர்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் ஹாக்கிப் பயிற்சிக்குப் போயிருந்தாள். மாஸ்டர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே அக்கா காபியோடு வந்து பார்த்தபோது ஐம்பத்தெட்டாயிரமும் ஏறி முடிந்திருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. நிம்மதியாக உட்கார்ந்தாள். பெருமையாகவும் இருந்தது.

அந்தக் கிளவுட் சும்மா இருக்கவில்லை. படங்களில் உள்ள முகங்களையெல்லாம் தானே பிரித்து, வட்ட வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் "இவர் யார்? பெயர் சேர்க்கவும்" என்று கேட்டது. முதல் வட்டம் மகள், பதினோராயிரம் படம். அடுத்தது மாஸ்டர். பிறகு மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு டீச்சர். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பெயராக அடித்தாள். எட்டாவது வட்டத்தில் ஓர் ஆள். ஐம்பது வயது இருக்கும். அரைக்கண் மூடினாற்போல ஒரு முகம், கலங்கலாக. கீழே முப்பத்தேழு படம் என்று போட்டிருந்தது.

யாரென்று தெரியவில்லை. யாரோ சொந்தக்காரராக இருக்கும் என்று திறந்தாள்.

மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போன படம். கேட்டுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் அந்த ஆள். ஓட்டப் பந்தயத்தில் மகள் மூன்றாவதாக வந்த படம். கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தில் அந்த ஆள். கடற்கரையில் மகள் மணலில் உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் அந்த ஆள். புது வீட்டுக்குக் குடிவந்த அன்று, எதிர்ப் பிளாட்பாரத்தில், சாமான் வண்டிக்குப் பின்னால். பூங்கா. புத்தகக் கண்காட்சி. கடைசியில் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அவள் போனில் நர்ஸ் எடுத்த படம். துணியில் சுற்றிய குழந்தையோடு மாஸ்டர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, தாழ்வாரத்தின் கோடியில், தூணை ஒட்டி, அதே ஆள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி டம்ளர் கை தட்டி உருண்டது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏங்க! யாரோ ஒருத்தன் பதினாலு வருஷமா நம்ம பொண்ணு பின்னாலயே சுத்திக்கிட்டு இருக்கான்! ஸ்கூல்ல இருக்கான், பீச்ல இருக்கான், அவ பொறந்த அன்னைக்கே நின்னுக்கிட்டு இருக்கான்! இப்ப அவ எங்க? கிரவுண்டுக்குப் போன் பண்ணுங்க. போலீசுக்குப் பண்ணுங்க!"

குரல் அவளுடையதாகவே இல்லை. மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்தார். வழிந்த காபி அதில் ஊறியது.

"பதறாதே. அந்த பீச் படத்த எடு" என்றார். "கொஞ்சம் பெரிசு பண்ணு. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போ."

எரிந்து விழவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அவள் பெரிதாக்கினாள். முகம் இன்னும் கலங்கியது. கண்ணும் மூக்கும் கரைந்து போயின. முகத்தை விட்டுக் கீழே வந்தாள். கடற்காற்றில் சட்டையின் மேல் பட்டன்கள் திறந்திருந்தன. இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது. கழுத்துக்குக் கீழே, காறை எலும்பின் நடுவில், ஒரு புடைப்பு.

ஆயிரக்கணக்கான காறை எலும்புகளைப் பார்த்தவள் அவள். முறிந்து, சரியாகச் சேராமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூடிய எலும்பு அது. சின்ன வயதில் முறிந்திருக்க வேண்டும், டாக்டரிடம் போகாமல் துணியால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். படத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிஷம் போதும். அது எப்படி முறிந்தது என்றும் அவளுக்குத் தெரியும். முறிந்தபோது அவள் அந்தத் தோளின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது, அண்ணனுக்குப் பதினேழு. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மழையில் நனைந்த படிக்கட்டில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கும்போது அண்ணனுக்குக் கால் வழுக்கியது. கையை ஊன்றியிருந்தால் தப்பித்திருப்பார். ஊன்றவில்லை, இரண்டு கையாலும் அவள் காலைப் பிடித்துக்கொண்டே விழுந்தார். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதன்பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டதும், பள்ளியில் கையெழுத்துப் போட்டதும், எக்ஸ்ரே படிப்பில் சேர்த்ததும் அவர்தான்.

அந்த அண்ணனை அவள் பதினேழு வருஷமாகப் பார்க்கவில்லை.

காரணம் மாஸ்டர்தான். அண்ணன் இவரிடம் டிரைவிங் கற்றுக்கொண்டு மூன்று முறை டெஸ்டில் தோற்றவர். "எனக்கு ஒரு காரை ஓட்டக் கத்துத்தரத் துப்பில்லாதவன் உன்ன எப்படி வெச்சுக் காப்பாத்துவான்?" என்று முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. அது முற்றி, பதிவு அலுவலகத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும், ஆறு மாசத்தில் அழுதுகொண்டு திரும்பி வருவாய் என்று அண்ணன் கத்தினார். அவளும் சளைத்தவள் இல்லை. "இனிமே என் கண்ணு முன்னாடி வராதே. நான் செத்தாக்கூட வராதே" என்றாள். அவர் அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் தீர்ந்த பிறகும் அவர்தான் முதலில் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அப்புறம் காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

இப்போது மேஜைமேல் முப்பத்தேழு தடவை வந்து நிற்கிறார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

மாஸ்டர் தலையாட்டினார்.

"அவ பொறந்த அன்னைக்கு அந்தத் தூண்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தார். எங்கிட்ட படிச்சவர்லயே மோசமான ஸ்டூடண்ட், எனக்கு மறக்குமா? உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். தங்கச்சி வரவேணாம்னு சொல்லியிருக்கா, நான் தூரத்துலேருந்து பாத்துட்டுப் போறேன்னார். அப்புறம் என்ன விசேஷம்னாலும் நான்தான் சொல்லுவேன். எந்த இடம், எத்தனை மணின்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷா!"

"சொன்னா அன்னைக்கே வர்றத நிறுத்திடுவேன்னு சத்தியம் வாங்கிட்டார். நான் வாயால சொல்லலை." அவர் லேப்டாப்பைக் காட்டினார். "ஒவ்வொரு தடவையும் உன்ன இடது பக்கம் திரும்பு, பின்னாடி போன்னு ஏன் உயிரை எடுத்தேன்னு நினைக்கற? அவரையும் சேத்து எடுக்கத்தான். என்னைக்காவது பாப்பே, நீயே கேப்பேன்னு நினைச்சேன். நீ எங்க பாத்த?"

ஐம்பத்தெட்டாயிரம் படம் எடுத்தவள் பார்க்காததை ஒரு மெஷின் பார்த்துச் சொல்லியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான் அவர் கடைசியாக இருந்த படத்தின் தேதி கண்ணில் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஏழாயிரம் படம் எடுத்திருக்கிறாள். ஒன்றில்கூட அவர் இல்லை.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கார். இருக்கார், உக்காரு."

"அப்ப ஏன் வரலை?"

மாஸ்டர் முதல்முறையாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு போயிட்டிருக்கு. உள்ள ஏதோ அழுத்தமாம், லேட்டா போயிருக்கார். கைக்கெட்டற தூரத்துக்கு மேல எதுவும் தெரியலை. தூரத்துல நின்னா உங்க யாரையும் அடையாளம் தெரியலையாம். பக்கத்துல வந்தாதான் தெரியும். பக்கத்துல வர்றதுக்கு அவ சொல்லலையேன்னார்."

அவள் வீட்டுச் செருப்போடு கிளம்பிவிட்டாள். வழிநெடுக மாஸ்டர்தான் ஓட்டினார். தன் பக்கத்தில் இல்லாத ஆக்சிலேட்டரை அவள் காலால் மிதித்துக்கொண்டே வந்தாள்.

பதினோரு பஸ் நிறுத்தம் தள்ளி ஓர் அச்சகம். அண்ணன் அங்கே மெஷின் ஓட்டியவர். கண் மங்கிய பிறகு பின்கட்டு அறையில் தங்கிக்கொண்டு உறை ஒட்டிக் கொடுக்கிறார். இவ்வளவு பக்கத்தில். இந்தத் தெரு வழியாக அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள்.

கதவு திறந்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவிக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. இடது தோள் இன்னும் இறங்கியிருந்தது.

"யாருங்க? ஞாயித்துக்கிழமை பிரஸ் லீவாச்சே."

"நான்தான் மச்சான்" என்றார் மாஸ்டர்.

"வாங்க மாஸ்டர், வாங்க. கூட யாரு?"

மாஸ்டர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். ஆறாம் நம்பர் அறையில் வருகிறவர்களையெல்லாம் மூச்சை விடச் சொல்கிறவளுக்குத் தன் மூச்சை விடத் தெரியவில்லை.

"நான்தாண்ணே" என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த விரல் நின்றது. அவர் முக்காலியில் இருந்தபடியே மெல்லத் திரும்பி, முகத்தைச் சுவர்ப் பக்கமாக வைத்துக்கொண்டார்.

பதினேழு வருஷக் கோபம், நியாயம்தானே என்று நினைத்தாள். "கோவமாண்ணே? என்னத் திட்டு. ரெண்டு அடிகூட அடி. இந்தப் பக்கம் திரும்பேன்."

"கோவமெல்லாம் இல்ல, குட்டி" என்றார் சுவரைப் பார்த்தபடி. "நீதானே கண்ணு முன்னாடி வராதேன்னு சொன்ன. நான் வரல. இப்ப நீயே வந்து நிக்கற. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே முக்காலியைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் எப்படியோ நுழைந்து நின்றாள். ஒரு கையை அந்தக் காறை எலும்பின் மேல் வைத்தாள். இன்னொரு கையால் அவர் முகவாயைப் பிடித்தாள். வேறு பேச்சு வராமல், வாய்ப் பழக்கத்தில், "தாடையைத் தூக்குங்க" என்றாள்.

அவர் தூக்கினார். கண்கள் அவள் தலைக்கு மேலே எங்கேயோ தேடின.

"பக்கத்துல வா" என்றார். "இன்னும் கொஞ்சம். இன்னும்... ம், இப்பத் தெரியுது."

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி அவள் காதோரத்து முடியைத் தொட்டார்.

"என்ன குட்டி, இவ்வளவு நரைச்சுப்போச்சு?" என்றார்.