சம்பல் புட்டிக்கு ஒரு மறுமொழி

பழிவாங்குவது சிறுமை என்னும் பொருளில் மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். இரண்டில் பரிசும் பெற்றிருக்கிறேன். அந்தப் பேச்சுகளில் ஒரு வரியைக்கூட நான் திரும்பப் பெறப்போவதில்லை. அவை யாவும் எனக்கு எவரும் தீங்கு செய்திராத காலத்தில் பேசியவை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நயினார்கோவிலை அடுத்து, நெல்லும் மிளகாயும் விளையும் சிற்றூர் என்னுடையது. எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாகச் சைவம். சந்தையில் கருவாடு விற்கும் வரிசையை என் தாயார் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிக் கடப்பார். அந்த வீட்டிலிருந்து இருபது வயதில், திருப்புல்லாணிக்கு அப்பாலுள்ள ஒரு கடற்கரை ஊரின் தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியனாகப் போனேன். புறப்படும் நாளில் தாயார் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: எது குறைந்தாலும் குறையட்டும், மீனும் கறியும் வாயில் படக் கூடாது. வாக்குக் கொடுத்தேன். பேச்சாளனுக்கு வாக்குக் கொடுப்பது எளிது.

காப்பாற்றுவதுதான் அரிதாயிற்று. அந்த ஊருக்குக் காய்கறி வாரத்தில் இரண்டு நாள் வரும். வாடிய கத்தரியும் முற்றிய முருங்கையும். கிளப்புக் கடையில் சாம்பார் உண்டு. ஆனால் அதைக் கலக்கும் கரண்டி சற்று முன் எந்தச் சட்டியில் கிடந்தது என்று கேட்டால் கடைக்காரர் முகம் வாடிவிடும். ஒருநாள் அவர் மீன் குழம்பிலிருந்து துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, எஞ்சிய குழம்பை எனக்கு ஊற்ற வந்தார். கேலிக்காக அல்ல, என்மேல் கொண்ட இரக்கத்தால். அன்றே கடைச் சாப்பாட்டை விட்டேன்.

அறையில் பொங்கத் தொடங்கினேன். என்னோடு தங்கியிருந்தவன் பாம்பன் பக்கத்துக்காரன். பள்ளியில் அடுத்த வகுப்பின் ஆசிரியன். ஊர் வாசகசாலையில் ஞாயிறு மாலைதோறும் நடக்கும் சொற்போரில் எதிரணியில் எப்போதும் அவன்தான். எங்களில் யார் பெரியவர் என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று; சட்டிகள் வேறு வேறு. என் சட்டியை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. இதை நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அவன் தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தார். தனுஷ்கோடியில் கப்பலிறங்கும் யாராவது ஒருவர் கையில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணாடிப் புட்டி வந்து சேரும். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் வறுத்த பொடி. சம்பல் என்றான். வெறும் கஞ்சியை நான் விழுங்கத் திணறுவதைப் பார்த்து ஒருநாள் புட்டியை என் பக்கம் தள்ளினான். என்னவெல்லாம் சேர்த்தது என்று கேட்டேன்.

"தேங்காயும் மிளகாயும்தான். கொழும்புப் பக்குவம். போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். மூன்று மாதம் பார்த்தேன். கஞ்சிக்கு, மோர்ச்சோற்றுக்கு, கிழமை தவறாமல் தோசைக்கு. அதில் ஒரு புகைந்த மணம் இருந்தது உண்மை. ஊரே கருவாடாக மணக்கும்போது ஒரு புட்டியை மட்டும் ஐயுறுவதற்கு மூக்குக்கு ஏது வழி? அதைக் கொழும்பின் மணம் என்றே கொண்டேன்.

ஒரு ஞாயிறு வாசகசாலையில் வைத்த தலைப்பு, மனிதனுக்கு ஏற்றது மரக்கறி உணவே என்பது. மரக்கறிக்கு நான், மீனுக்கு அவன். என் பேச்சின் உச்சிக்கு ஒரு சான்று வேண்டுமென்று எண்ணி, அன்று காலையில் அந்தப் புட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மேடையில் அறத்தைச் சொன்னேன், உடல் நலத்தைச் சொன்னேன், இறுதியில் சுவைக்கு வந்தேன். புட்டியை உயர்த்தினேன். கடல் முழுவதையும் வலையால் அரித்தாலும் இந்தத் தேங்காய்க்கும் இந்த மிளகாய்க்கும் ஈடான சுவை ஒன்றைக் கரையேற்ற முடியுமா என்று கேட்டேன். மூடியைத் திறந்து முன்வரிசைக்குக் கொடுத்தேன். அங்கே சம்மாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். ஐந்து தோணிகளுக்கு உரியவர். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, நிதானமாகச் சுவைத்து, என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"மாசி தூக்கலா இருக்கு, வாத்தியாரே. நல்ல மாசி."

மாசி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, விறகுக் கட்டைபோல் ஆகும்வரை உலர்த்தியது. அதை இடித்துப் போடாமல் அந்தக் கரையில் சம்பல் இல்லை. இது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது. சிரிப்பு முன்வரிசையில் தொடங்கி, வாசலுக்குப் போய், சன்னலுக்கு வெளியே நின்றவர்களைத் தொற்றி, மறுபடி மேடைக்குத் திரும்பி வந்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் எழுந்து, "எதிரணி நண்பர் என் பக்கத்துக்கும் சேர்த்தே பேசிவிட்டார், நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தான். வெற்றி அவனுக்கு.

கிணற்றடியில் வாய் கொப்பளித்துக் கொப்பளித்துத் தொண்டை புண்ணான பிறகு அறைக்குப் போய் அவனை விசாரித்தேன். அவன் எதையும் மறைக்கவில்லை.

"ஏலே, மாசியெல்லாம் மீனுல சேத்தியா? அது சாமான். உப்பு, புளி மாதிரி. எனக்கு மொதல்ல தோணவே இல்ல. தோணினப்ப நீ ஒரு புட்டிய காலி பண்ணியிருந்த. சொல்ல மனசு வரல."

புட்டியை நான் மேடைக்குக் கொண்டுபோவது எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"காலையில. நீ துண்டுல சுத்துனப்பவே பாத்தேன்."

மறதியை மன்னிக்கலாம். தயக்கத்தையும் மன்னிக்கலாம். காலையில் பார்த்துவிட்டு மாலைவரை வாய் திறவாதிருந்த அந்த ஒரு பகலை மன்னிக்க எந்த நீதிநூலும் எனக்கு வழி காட்டவில்லை. அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறை பார்த்தேன்.

மறுநாளிலிருந்து நான் மாசி வாத்தியார். கரும்பலகையில் புட்டி வரைந்திருந்தது. கிளப்புக் கடைக்காரர்கூட, இனி நம்ம கடைக்கு வரலாமே என்று பரிவோடு அழைத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தாயார் தட்டில் சோறிட்டு, வாக்கைக் காப்பாற்றினாயா என்று கேட்கவில்லை; காப்பாற்றியிருப்பேன் என்று நம்பி மேலும் ஒரு கரண்டி நெய் விட்டார். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பட்டப்பெயரை எந்த மண்டபத்தில் வாங்கினேனோ அதே மண்டபத்தில் அவன் தலையில் கட்டாமல் அந்த ஊரைவிட்டு மாறுதல் வாங்குவதில்லை என்று உறுதி கொண்டேன்.

புதிய அறைக்கு அடுத்த வீட்டில் இடியாப்பம் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். மீன் குழம்புக்கு மசாலா அரைப்பது எப்படி என்று கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீனைப் போடாமல் மீன் குழம்பு வைக்க வேண்டும் என்றேன். "அதுக்குப் புருசன் இல்லாத கலியாணம்னு பேரு, தம்பி" என்றார். ஆனாலும் சொல்லித் தந்தார். துண்டங்களுக்குச் சேனைக்கிழங்கைத் தேர்ந்தேன். காறல் போகப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, சீலா மீன் துண்டின் பருமனுக்கு நறுக்கி, மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்துக் குழம்பில் இடுவேன். முதல் மாதங்களில் அது குழம்பில் விழுந்த கிழங்காகவே இருந்தது. பிறகு மசாலாவுக்கும் கிழங்குக்கும் மேலாக, மூன்றாவதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தேன். அதைச் சேர்த்த நாளில் இடியாப்ப அம்மா வாசற்படியில் நின்று, யார் வீட்டில் சீலா என்று கேட்டார். அது மீனன்று; மீனின் எண்ணெயன்று; உயிருள்ள எதுவுமன்று. அவரிடமும் அதன் பெயரைச் சொல்லவில்லை.

ஓராண்டு காத்திருந்தேன். வாசகசாலை ஆண்டு விழா கார்த்திகையில் வரும். வாடைக் காற்றில் தோணிகள் கரையேறி, ஊரில் மீன் அற்றுப்போய், ஒவ்வொரு நாக்கும் ஏங்கிக் கிடக்கும் காலம் அது. பகல் விருந்தின் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். மீன் குழம்பு என்று அறிவித்தேன். மாசி வாத்தியார் தோல்வியை ஒத்துக்கொண்டார் என்று ஊர் மகிழ்ந்தது. அவன் முதல் பந்தியில் அமர்ந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். நன்றியுரை அவனுடையது. கொள்கை தளர்ந்தாலும் கைப்பக்குவம் தளராத நண்பர் என்று என்னைப் பாராட்டினான். இந்தக் காற்றில் சீலா எங்கே கிடைத்தது என்று வியந்தான். முள்ளை எடுத்த நேர்த்தியைத் தனியே சொன்னான்.

நான் எழுந்தேன். இருபது நிமிடத்துக்குப் பேச்சு வைத்திருந்தேன். ஓராண்டு செதுக்கிய பேச்சு. முதல் வரியை மட்டும் சொன்னேன்: நீங்கள் உண்டது சேனைக்கிழங்கு.

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. அதே சம்மாட்டி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மொதல் வாயிலயே தெரியும், வாத்தியாரே. நல்லா இருந்துச்சு. அதான் பேசல."

அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அவன் முகத்தில் வியப்பு வந்ததைப் பார்த்தேன். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். அவனோ பரிமாறுகிறவர் பக்கம் திரும்பி, மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான்.

மீதிப் பேச்சைப் பேசாமலே உட்கார்ந்தேன். மீன் உண்ணாதவன் அறியாமல் மீனை உண்டால் வாக்கு உடைகிறது, தாயின் முகம் பார்க்க முடியாமற்போகிறது. மீன் உண்பவன் அறியாமல் கிழங்கை உண்டால் அவன் கிழங்கை உண்டான், அவ்வளவுதான். என் வாள் பாய்வதற்கு அவனிடத்தில் ஓர் இடமே இல்லை. சொற்போரில் இவ்வளவு எளிய உண்மையை நான் தவறவிட்டதில்லை. அன்றைய விளைவு, மாசி வாத்தியார் மறைந்து கெழங்கு வாத்தியார் ஆனேன் என்பது மட்டும்.

ஆனால் பழிக்கு ஒரு வழியை அவனாகவே கொண்டு வந்து கொடுத்தான். அடுத்த வாரம் என் அறைக்கு வந்தான். தூங்கும்போதும் அந்தக் குழம்பே நாக்கில் நிற்கிறது என்றும், பாம்பனில் தன் வீட்டாருக்கு வைத்துக்காட்ட வேண்டும் என்றும் சொல்லி, பக்குவத்தைக் கேட்டான். நான் தாளை எடுத்து, அழகிய கையெழுத்தில், அளவு பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். புளி, மல்லி, மிளகாய், கிழங்கின் பருமன், தீயின் அளவு, யாவும் உண்டு. மூன்றாவது பொருள் இல்லை.

இப்போது அவனுக்கு இராமேசுவரத்தில் வேலை, மணமும் ஆகிவிட்டது. மாதம் ஒரு கடிதம் வருகிறது. குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அன்றைய குழம்பு அமையவில்லை, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்கிறான். தீயைச் சற்றுக் குறைத்துப் பார் என்று எழுதுகிறேன். கிழங்கை மாற்றிப் பார் என்று எழுதுகிறேன். போன மாதம் சட்டியை மாற்றச் சொன்னேன், மாற்றினானாம்.

அந்த மூன்றாவது பொருளை இங்கே எழுதாமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நான் எழுதுவதையெல்லாம் அவன் தேடிப் படிக்கிறவன். இந்த முறை காலையிலேயே பார்த்துவிட்டு வாய் திறவாதிருப்பவன் நான். மாலை இன்னும் ஆகவில்லை.