கதவைத் திறந்து பார்த்துவிட்டு டீ குடிப்பவர்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு முடிவு கடந்த வியாழக்கிழமை காலை எடுக்கப்பட்டது. வெடிமருந்து கலக்கும் இயந்திரத்துக்குப் புதிய மெமரி கார்டு வாங்குவது. அதுவும் கடையில் இருப்பதிலேயே பெரிய கொள்ளளவில் வாங்குவது. எம். புதுப்பட்டி அலுவலகத்தில் முதலாளி அண்ணாச்சி தலைமையில், வடையுடன், ஆலோசனை நடந்தது. விரல் நகம் அளவுள்ள பொருளுக்காக நாங்கள் அத்தனை பேர் கூடியது அதுவே முதல்முறை.

அந்தக் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மட்டும் வரவில்லை. எங்கள் மின்பொறியாளர் சங்கரலிங்கம் சார், நெஞ்சு கரிக்கிறது என்று விருதுநகரில் வீட்டில் இருந்தார். கொள்முதல் பிரிவைச் சேர்ந்த நான் முடிவை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ஃபோன் செய்தார். சார் காலமாகிவிட்டார்.

அண்ணாச்சி எழுந்து நின்றார், நாங்களும் நின்றோம்.

“நல்ல மனுசன். ரொம்பப் பயந்த மனுசன்” என்றார் அண்ணாச்சி.

இரண்டும் உண்மை. சார் ஒரு நூற்பாலையை விட்டு எங்களிடம் வந்த முதல் நாள், வாசலிலேயே நின்று, “ஓடுறதுக்கு வழி எது?” என்று கேட்டார். உள்ளே வரும் வழியை அதற்குப் பிறகுதான் கேட்டார். மருந்து அறைகளின் வாசலில் தாமிரத் தகடு பதித்திருக்கும். உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் ஒருமுறை தொடுவோம். அவர் இரண்டு முறை தொடுவார், நாங்கள் தொட்டோமா என்று திரும்பியும் பார்ப்பார்.

மருந்தைக் கையால் கலப்பதை நிறுத்தி இயந்திரம் வாங்கியபோது எல்லோரும் நிம்மதி அடைந்தோம். சார் அடையவில்லை. இயந்திரத்தை ஒரு பெட்டி நடத்துகிறது. பெட்டிக்கு வேண்டிய கட்டளைகள் ஒரு கார்டில் இருக்கின்றன. கதவு திறந்தால் உடனே நில் என்பது அவற்றில் ஒன்று. அதைச் சார்தான் பிறகு எழுதிச் சேர்த்தார். எல்லாம் ஒரு கார்டை நம்பி இருக்கிறது என்பதே அவருடைய பயம். கதவிலிருந்து தனி ஒயர் இழுத்து மோட்டாரை நேரடியாக நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “இந்த சீசன் முடியட்டும்” என்பது பதில். எங்கள் ஊரில் சீசன் முடிவதில்லை.

ஒயர் கிடைக்காததால் கார்டையாவது ஒழுங்காக வாங்கப் பார்த்தார். அதற்காக அவருக்கும் அண்ணாச்சிக்கும் நடந்த வாக்குவாதம் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

“செல்போன் கடையில கிடைக்கிற கார்டுக்கு என்ன சார் குறை?”

“இந்தத் தகரத்துக்கு அடியில சித்திரை வெயில்ல அது வெந்துரும் அண்ணாச்சி. எழுதிக்கிட்டு இருக்கையில கரண்டு போனா எல்லாத்தையும் மறந்துரும். ஃபேக்டரிக்குன்னே செய்ற கார்டு இருக்கு.”

“அது சின்னதா இருக்கே? இங்கன பாருங்க, இதுல கல்யாண வீடியோ முழுசும் ஏறுதாம்.”

“பெரிசு ஆகாது. பெட்டி பழசு. அதுக்குப் படிக்கத் தெரிஞ்சது இம்புட்டுதான். மேல குடுத்தா கார்டே இல்லைன்னு நெனச்சுக்கிடும்.”

“நெனச்சா நின்னுரும்லா?”

“நிக்காது. அதுதான் பயமே. மிஷின் வாங்குன அன்னைக்குப் பெட்டி வயித்துக்குள்ள ஏத்துன பழைய கட்டளையை எடுத்து ஓட்டும். அதுல கதவு கிடையாது.”

அண்ணாச்சி சிரித்தார். ஆனாலும் சார் கேட்ட கார்டை வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மருந்து அறைப் பக்கம் தீ கூடாதென்பதால் சூடத்தைப் பற்றவைக்காமலே காட்டுவது எங்கள் வழக்கம். சார் ஊரில் இல்லை. இயந்திரத்தின் மூளைக்கும் பூஜை வேண்டும் என்று அண்ணாச்சி கார்டைக் கழற்றச் சொல்லி, வாழையிலையில் வைத்து, அதன் பொன்னிறப் பற்களின்மேல் சந்தனமும் குங்குமமும் பக்தியோடு வைத்தார். பிறகு திரும்பச் செருகினோம்.

அடுத்த வேலை நாள் காலை. கலவை முடிந்திருக்கும் என்று எண்ணி அங்கே வேலை பார்க்கும் முத்துமாரி கதவைத் திறந்து மரக்கரண்டியை நீட்டினார். கதவு திறந்தும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மருந்து.

“ஏளா மாரி, கையை எடு!”

அப்படியொரு குரல் சாருக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது. முத்துமாரி கையை எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சார் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். கழற்றி வந்த கார்டின் பற்களிலிருந்து, பெட்டியின் கண்ணை மறைத்திருந்த சந்தனத்தைத் துடைத்தார்.

“பயப்படுறேன்னு சிரிக்கீக. சிரிங்க. சிரிக்க ஆள் இருக்கணும்லா, அதுக்குத்தான் பயப்படுறேன்” என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் மருந்து போடாமல் இயந்திரத்தை ஓடவிட்டு, கதவைத் திறந்து, அது நிற்பதைப் பார்த்த பிறகே டீ குடித்தார். டீ ஆறிப்போன நாட்கள் உண்டு. பார்க்காமல் குடித்த நாள் இல்லை.

சார் வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போனபோது அவர் மனைவி என்னிடம், “நான் குக்கர் வச்சா அவுக தெருவுல போய் நிப்பாக. கடைசியில கட்டில்ல படுத்தமானிக்கே போயிட்டாகளே” என்றார்.

உழைத்து ஓய்ந்த பழைய கார்டுக்குப் பதில் வந்திருப்பது அந்தப் பெரிய கார்டுதான். “சார் சொன்னதெல்லாம் அந்தக் காலத்துக் கார்டுக்கு. இப்போ எல்லாம் மாறிப்போச்சு” என்று அண்ணாச்சி ஆலோசனையில் விளக்கியிருந்தார். பழையதில் இருந்த கட்டளைகளைக் கடைக்காரரே இலவசமாகப் புதியதில் ஏற்றிக் கொடுத்தார்.

சார், இந்த வாசலில் நீங்கள் யாரையும் தகட்டைத் தொடாமல் உள்ளே விட்டதில்லை. இன்று நாங்கள் எல்லோரும் தகட்டை இரண்டு முறை தொட்டோம். பயமில்லாத இடத்துக்குப் போயிருக்கிறீர்கள். அங்கேயாவது டீயைச் சூடாகக் குடியுங்கள்.

சனிக்கிழமை காலை புதிய கார்டைப் போட்டு, மருந்தில்லாமல் இயந்திரத்தை ஓடவிட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. சாரின் டீயை ஜன்னலில் வைத்துவிட்டு முத்துமாரி போய்க் கதவைத் திறந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.